கட்டுக்குள் மறைந்து வந்த துத்தநாகம்: இண்டக்‌ஷன் உலை வைத்திருப்போர் கவனத்திற்கு

பூச்சில்லாத கறுப்புத் தகடு என்று எழுத்திலேயே உறுதியளித்து எங்கள் வார்ப்பாலைக்கு விற்கப்பட்ட பழைய இரும்புக் கட்டுகளில் மேலடுக்கு மட்டுமே கறுப்புத் தகடு; உள்ளே அழுத்தி வைத்திருந்தவை துத்தநாகம் பூசிய கால்வனைஸ் தகடுகள். அதை நாங்கள் அறிவதற்குள், மின்சுருளின் காந்தப்புலத்தால் இரும்பை உருக்கும் எங்கள் உலையின் லைனிங் (உருகிய இரும்பைத் தாங்கும் உள் உறை) பாழாகிவிட்டது.

முதல் அறிகுறியைத் தவறவிட்டது எங்கள் பிழை. உலை வாயிலிருந்து வெண்புகை அடர்ந்து எழுந்தது. அன்றிரவே உலையருகில் நின்ற இருவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. துத்தநாக ஆக்சைடுப் புகையைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரத்தில் இப்படிக் காய்ச்சல் வரும் என்பதை மறந்து, பருவக் காய்ச்சல் என்றே எண்ணிவிட்டோம். அது இன்னும் மனத்தை உறுத்துகிறது.

சில நாட்களில் எர்த் லீக்கேஜ் (மின்சாரம் தரைக்குக் கசிதல்) எச்சரிக்கை ஒலித்தது. உலையை நிறுத்தி லைனிங்கை உடைத்தபோது, காயிலை (லைனிங்கைச் சுற்றியுள்ள, மின்சாரம் ஓடும் செம்புச் சுருளை) ஒட்டிய பகுதியில் வெள்ளி நிறத்தில் உலோகம் படலம் படலமாக உறைந்திருந்தது. இரும்பு அவ்வளவு தூரம் கசியவில்லை, அது துத்தநாகம்தான்.

விற்றவரிடம் கேட்டதற்கு, ராமிங் (லைனிங் தூளை இடித்து இறுக்குவது) சரியில்லை என்று எங்கள் ஆட்களைக் குறை கூறினார். பிறகு, துத்தநாகம் ஆவியாகி மேலே போய்விடும், லைனிங்கை ஒன்றும் செய்யாது என்றார். பாதி உண்மையான இந்தப் பேச்சுதான் பலரை ஏமாற்றுகிறது. பெரும்பகுதி மேலே போவது மெய்யே. ஆனால் துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுவதால், குளிர்ந்த உலையை மீண்டும் சூடேற்றும்போது, இரும்பு சிவக்கும் முன்பே அடியில் வழிந்து, லைனிங்கின் விரிசல்கள் மூடிக்கொள்வதற்குள் அவற்றில் புகுந்துவிடுகிறது. 907 டிகிரியில் கொதித்து எழும் ஆவியோ, சிலிக்கா லைனிங்கின் நுண்துளைகள் வழியே ஊடுருவி, இறுகாத பின்புறத் தூளைக் கடந்து, நீரால் குளிரும் காயிலருகே மீண்டும் உலோகமாகிறது. மின்கடத்தும் அந்த உலோகம் காயிலைத் தொட்டால் விளைவு என்னவாகும் என்பதை உலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அலுமினா செங்கல் இதற்குத் தப்பும் என்று கருத வேண்டாம். ஆக்சைடாக மாறிய துத்தநாகம் அலுமினாவுடன் கூடிக் கானைட் என்னும் ஸ்பினலாக (இரு ஆக்சைடுகள் சேர்ந்த படிகமாக) மாறும்போது, செங்கல் உப்பி வெடிக்கிறது.

இழப்பீடு இதுவரை கிடைக்கவில்லை. இப்போது வரும் ஒவ்வொரு சுமையிலும் சில கட்டுகளைப் பிரித்து, உள் தகட்டில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி இடுகிறோம். உடனே நுரைத்துப் பொங்கினால் அந்தச் சுமையை இறக்குவதில்லை.