நியூசிலாந்து: வடக்குத் தீவா, தெற்குத் தீவா?

நியூசிலாந்துக்குக் குடிபோக நினைப்பவர்கள் பெரும்பாலும் வடக்குத் தீவிலுள்ள ஆக்லாந்தைப் பற்றி மட்டுமே விசாரிக்கிறார்கள். நாட்டின் 53 லட்சம் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அங்கேதான் இருக்கிறார், வேலையும் அங்கேதான் அதிகம். ஆனால் இரு தீவுகளையும் பிரிக்கும் குக் நீரிணைக்கு அந்தப் பக்கம், படகில் மூன்றரை மணி நேரத்தில், வடக்கை விடப் பெரிய தெற்குத் தீவு கிடக்கிறது. அங்கே சுமார் 12 லட்சம் பேர்தான். அதையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன்.

வடக்கு எரிமலை பூமி. ஆக்லாந்து நகரமே ஐம்பதுக்கும் மேற்பட்ட சின்ன எரிமலைகளுக்கு நடுவே வளர்ந்தது. ரோட்டோருவாவில் ஊருக்குள்ளேயே தரையிலிருந்து ஆவி கிளம்பும், கந்தக வாடை அடிக்கும். தெற்கிலோ எல்லாவற்றையும் தீர்மானிப்பது தென் ஆல்ப்ஸ் மலைத்தொடர். அதன் உச்சி அவொராக்கி, 3,724 மீட்டர். மேற்கிலிருந்து வரும் மேகங்கள் மலையில் முட்டி அங்கேயே கொட்டித் தீர்த்துவிடும். மேற்குக் கரையில் உள்ள மில்ஃபோர்டு சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அங்கிருந்து நேர்க்கோட்டில் 150 கிலோமீட்டர்கூட இல்லாத, மலைக்குக் கிழக்கே உள்ள அலெக்சாண்ட்ராவில் 350 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்யும். தெற்கின் ஆறுகள் வடக்குக்கும் விளக்கேற்றுகின்றன: 1965 முதல் பென்மோர் நீர்மின் நிலையத்திலிருந்து கடலடிக் கம்பி வழியாக மின்சாரம் போகிறது.

மனிதர்கள் என்று பார்த்தால் வடக்குதான் பல நிறம். நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளில் பெரும்பாலோர் அங்கே வாழ்கிறார்கள். 1840-ல் மாவோரித் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் செய்துகொண்ட ஒப்பந்தம் கையெழுத்தான வைதாங்கியும் அங்கேதான். சமோவா, தோங்கா மக்களும் ஆக்லாந்தில் ஏராளம். தமிழனுக்கும் அந்தத் தீவில் ஒரு பழைய தடம் உண்டு. 1836 வாக்கில் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த ஒரு வெண்கலப் பாத்திரத்தை மதபோதகர் வில்லியம் கொலென்சோ பார்த்தார். அது உடைந்த கப்பல் மணி. அதில் 'முகையதீன் வக்குசு' கப்பலின் மணி என்று தமிழில் பொறித்திருந்தது. இன்று அது வெலிங்டன் டெ பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. எப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

சரி, வாழ்க்கை எப்படி? வேலை தேடி வரும் தனி ஆளுக்கு ஆக்லாந்து. வீட்டு விலையும் போக்குவரத்து நெரிசலும் அங்கே கழுத்தை நெரிக்கும், ஆனால் குளிர் மிதமானது. குழந்தைகளோடு வருபவர்களுக்கு நான் கிரைஸ்ட்சர்ச்சைத்தான் சொல்வேன். 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்தில் 185 உயிர்களை இழந்த ஊர் அது. அந்தத் துயரத்துக்குப் பிறகு எழுந்த புது வீடுகள் நிறைய, ஆக்லாந்தை விட விலையும் குறைவு. இன்னும் தெற்கே டனீடின், நாட்டின் முதல் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். படிப்புக்கு அருமையான இடம். ஆனால் பழைய மரவீடுகள் ஈரமும் குளிருமாக நெஞ்சைப் பிடிக்கும். புது வீடுகளில் குளிர்தடுப்பு கட்டாயமானதே 1978-ல்தான்.

அதனால் தெற்கில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது இரண்டை மட்டும் விடாதீர்கள். வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் இருக்கிறதா, கூடத்து ஜன்னல் வடக்குப் பார்த்து இருக்கிறதா. அங்கே வெயில் வருவது வடக்கிலிருந்து.