நுவார் குறும்படம்: இரவுத் தெருவா, இருட்டிய அறையா?

விஸ்காம் வகுப்பில் நுவார் பாணியில், அதாவது இருட்டையும் கூர்மையான நிழலையும் வைத்துக் குற்றக் கதை சொல்லும் பாணியில், ஒரு குறும்படம் எடுத்துக் கொடுக்கச் சொன்னால், குழு கூடிய அன்றே கிளம்பும் முதல் சண்டை கேமராவைப் பற்றியதாகத்தான் இருக்கும். செல்போன் போதும் என்பார் ஒருவர். மிரர்லெஸ் கேமரா வாடகைக்கு எடுக்காவிட்டால் மானம் போய்விடும் என்பார் இன்னொருவர். இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்), ஷட்டர் வேகம், ஃபோகஸ் மூன்றையும் நாமே வைத்துப் பூட்ட முடிகிற எந்தக் கருவியும் போதும். பூட்டாமல் விட்டால், நடிகர் இருட்டுக்குள் ஒதுங்கும்போது செல்போன் தானாக வெளிச்சத்தை ஏற்றிவிடும். பாடுபட்டு உண்டாக்கிய கறுப்பு சாம்பலாகிவிடும். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 ஃப்ரேம், 1/60-இல் எடுத்தால் பல விளக்குகளின் வெளிச்சம் பட்டை பட்டையாக ஓடும். கேமரா வாடகைக்கு எடுத்து வைத்த பணம் இருந்தால் விளக்குக்குச் செலவழியுங்கள். நுவார் என்பது நிழலின் விளிம்பை வைத்துச் செய்கிற வேலை. அந்த விளிம்பு நம் கையில் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் இங்கே எடைபோடுகிறேன்.

தெருவும் அறையும்

நுவார் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இரவுத் தெரு: ஈரமான தார்ச்சாலை, ஒற்றை விளக்குக் கம்பம், நடந்து போகும் ஓர் ஆள். ஆசை நியாயமானதுதான். ஆனால் சென்னைத் தெருக்களில் இப்போது பெரும்பாலும் வெள்ளை எல்இடி விளக்குகள். அவை தலைக்கு மேலிருந்து அடிப்பதால் நெற்றியும் மூக்கும் வெளுத்து, கண் இரண்டும் குழியாகிவிடும். கடைப் பலகைகள், ஏடிஎம் வெளிச்சம், எதிரே வரும் வண்டி என்று நாம் அணைக்க முடியாத விளக்குகள் சுற்றிலும் இருக்கும். சின்ன சென்சார் உள்ள போனில் ஐஎஸ்ஓவை ஏற்றினால் கறுப்பு முழுக்கப் புள்ளிகள் கொதிக்கும். அப்புறம் நாய்கள், ‘என்ன படம் தம்பி?’ என்று நின்றுவிடும் கூட்டம், ரோந்து வண்டி. கல்லூரிக் கடிதம் மட்டும் போதாது, போலீஸ் அனுமதியும் வேண்டும். பொம்மைத் துப்பாக்கியோடு ராத்திரி தெருவில் நிற்கும் யோசனை இருந்தால் அதை இப்போதே கைவிட்டுவிடுங்கள்.

அறை அப்படியில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கே நடுராத்திரியை உண்டாக்கலாம். கறுப்புச் சார்ட் பேப்பரை ஜன்னலில் ஒட்டினால் போதும். பெட்ஷீட் தொங்கவிட்டால் ஓரங்களில் வெளிச்சம் கசியும். அறையின் உண்மையான வில்லன் வெள்ளைச் சுவர். எங்கோ ஓரத்தில் ஒரே ஒரு விளக்கைப் போட்டாலும், எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தின் நிழற்பக்கத்தை நிரப்பிவிடும். ‘விளக்கு ஒன்றுதானே, ஏன் நிழலே விழவில்லை?’ என்று குழம்புவது இதனால்தான். ஃப்ரேமுக்கு வெளியே, முகத்தின் நிழற்பக்கமாக, ஒரு கறுப்புப் போர்வையைப் பிடித்துப் பாருங்கள். கன்னம் அப்படியே இருட்டுக்குள் இறங்கும். நடிகரைச் சுவரிலிருந்து நாலடியாவது முன்னால் நகர்த்துங்கள்.

அறைக்குள் படம் சுருங்கிவிடும் என்று பயப்பட வேண்டாம். 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ பாட்டில்லாமல், நடனமில்லாமல் வந்த படம். ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட 1943 அக்டோபர் 11-ஐ ஒட்டி நடக்கும் கதை. இருந்தும் விசாரணையின் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது. அமெரிக்காவிலும் 1945-இல் வந்த ‘டீட்டூர்’ படத்தில், சல்லிக்காசு பட்ஜெட் என்பதால் நியூயார்க் தெருவை மூடுபனியைக் கிளப்பிவிட்டே சமாளித்திருக்கிறார்கள்.

என் ஓட்டு அறைக்கு. தெரு ஷாட் ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர், நவம்பரில் மழை விட்ட ராத்திரி என்றால் தார் தானாக மின்னும். இல்லாவிட்டால் கேமராவைத் தரையோடு வைத்து, அதன் முன்னால் மட்டும் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, ஆளுக்குப் பின்னால் ஒரு பைக்கின் ஹெட்லைட்டைப் போடுங்கள். படத்தில் தெரு முழுக்க ஈரமாகத்தான் தெரியும்.

மூன்று விளக்குகள்

ஆளாளுக்குக் கையில் வைத்திருப்பது எல்இடி பேனலும் ரிங் லைட்டும்தான். ரிங் லைட் முகத்திலிருந்து நிழலைத் துடைத்தெடுப்பதற்கென்றே பிறந்தது; நுவாருக்கு அதைவிடப் பெரிய துரோகி கிடையாது. பேனல் கொஞ்சம் தேவலை. ஆனாலும் அகலமான பரப்பிலிருந்து வெளிச்சம் வருவதால் நிழலின் ஓரம் கரைந்துபோகும். தெர்மாகோலிலோ அட்டையிலோ சின்னத் துளை வெட்டி முன்னால் வைத்தால் ஓரம் கூர்மையாகும், ஆனால் வெளிச்சம் பாதிக்குமேல் போய்விடும்.

ஹாலஜன் பழைய ஆள். சவுண்ட் சர்வீஸ்காரரிடம் வாடகைக்குக் கிடைக்கும், வெளிச்சம் தாராளம், பட்டை ஓடும் தொல்லையும் குறைவு. சூடுதான் பிரச்சினை. ஜன்னலும் மூடி, ஒலிக்காக ஃபேனும் நிறுத்திய அறையில் 1000 வாட் எரிந்தால் நடிகரின் மேக்கப் கதைக்கு முன்பே முடிந்துவிடும். 230 வோல்ட்டில் அது நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால், சாதாரண ப்ளக் பாயின்ட் ஒன்றில் ஒன்றுக்கு மேல் மாட்டாதீர்கள். சார்ட் பேப்பரைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

மூன்றாவதை யாரும் விளக்கு என்றே நினைப்பதில்லை: வகுப்பறை ப்ரொஜெக்டர். ஸ்லைடில் கறுப்புப் பின்னணி போட்டு, வெள்ளைப் பட்டைகள் வரைந்து, நடிகர் மேலேயே அடியுங்கள். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் என்பதால் கோடுகள் கத்தியால் வெட்டியதுபோல் விழும். ஃபோகஸ் வளையத்தைத் திருகி விளிம்பை எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மழுக்கலாம். கண்களில் மட்டும் ஒரு கோடு விழவேண்டுமா? ஸ்லைடில் ஒரே ஒரு பட்டை வரைந்தால் போதும். சினிமா விளக்கில் வெளிச்சத்தை மறைக்கும் கட்டர் வைத்து அரை மணி நேரம் போராடுகிற வேலை இது.

குறைகளும் உண்டு. ப்ரொஜெக்டரின் கறுப்பு முழுக் கறுப்பில்லை, சுவரில் மங்கலாக ஒரு செவ்வகம் தெரியும். நிறச்சக்கரம் சுழலும் டிஎல்பி வகையில் கேமராவில் பட்டை ஓடலாம், அதனால் முதலில் ஒரு சோதனை ஷாட் எடுத்துப் பாருங்கள். உள்ளே ஓடும் விசிறியின் இரைச்சல் வேறு. வசனக் காட்சிக்கு உதவாது. இத்தனைக்கும் பிறகும் மூன்றில் நான் எடுப்பது இதைத்தான்.

பட்டைகள் என்றதும் எல்லாரும் ஹாலிவுட் படங்களின் வெனிஷியன் பிளைண்ட்ஸை, அதாவது கிடைப்பட்டைகளால் ஆன ஜன்னல் மறைப்பை, தேடிப் போகிறார்கள். ‘டபுள் இன்டெம்னிட்டி’ என்ற ஹாலிவுட் நுவார் படத்துக்குப் பிறகு அது ஒரு முத்திரையாகவே ஆகிவிட்டது. நம் வீடுகளில் இருப்பது ஜன்னல் கம்பியும் சிமென்ட் ஜாலியும் மூங்கில் தட்டியும். நேர்க்கம்பி நிழல் முகத்தில் விழுந்தால் ஆள் ஏற்கெனவே ஜெயிலுக்குள் போய்விட்டதுபோல் இருக்கும். கதைக்கு வேண்டியதும் அதுதானே. நிழல் கூர்மையாக விழ வேண்டுமென்றால் கம்பியை முகத்துக்கு அருகிலும் விளக்கைத் தூரத்திலும் வையுங்கள். வெளிச்சக் கற்றை கண்ணுக்குத் தெரிய, ‘டபுள் இன்டெம்னிட்டி’யின் ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் அலுமினியத் தூளைக் காற்றில் மிதக்கவிட்டார். நமக்குச் சாம்பிராணி போதும். புகை போட்டவுடன் எடுக்காமல், சுருள்கள் கரைந்து அறை முழுக்கச் சமமாகப் பரவியபின் எடுங்கள். கட்டிடத்தில் புகை அலாரம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

கறுப்பு வெள்ளையா, வண்ணமா

வண்ணத்திலும் நுவார் எடுக்கலாம், 2011-இல் வந்த ‘ஆரண்ய காண்டம்’ அதற்குச் சான்று. ஆனால் அதற்குச் சுவர் நிறம், உடை நிறம், விளக்கு நிறம் எல்லாம் நம் பிடியில் இருக்கவேண்டும். ஹாஸ்டல் அறையின் இளநீலச் சுவரும் காவிநிற பிளாஸ்டிக் நாற்காலியும் அதற்கு ஒத்துழைக்காது. மாணவர் படத்துக்குக் கறுப்பு வெள்ளைதான் மலிவான வழி. வைவாவில் ‘ஏன் கறுப்பு வெள்ளை?’ என்று கேட்டால் ‘நுவார் அப்படித்தான் சார்’ என்று மட்டும் சொல்லாமல், எந்தக் காட்சியில் எந்த நிழலுக்காக என்று காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

எடுப்பது வண்ணத்தில், மாற்றுவது எடிட்டிங்கில். மாற்றும்போது சிவப்புச் சேனலை (படத்தின் சிவப்பு நிறப் பங்கை) ஏற்றினால் தோல் பளிச்சென்று மென்மையாகும். நீலத்தை ஏற்றினால் தோல் கறுத்து, தழும்பும் வியர்வையும் எழுந்து நிற்கும். கதாநாயகிக்கு முன்னது, கந்துவட்டிக்காரருக்குப் பின்னது என்று ஒரே படத்தில் விளையாடலாம். உடை விஷயத்தில் உஷாராக இருங்கள். சிவப்புச் சட்டையும் பச்சைச் சுவரும் கண்ணுக்கு எதிரெதிர்; கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகி ஆள் சுவரோடு ஒட்டிப்போகலாம். படப்பிடிப்புக்கு முன் போனில் மோனோ ஃபில்டர் போட்டு ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடும்.

குரலா, வசனமா

நகரச் சத்தத்தில் நேரடி வசனத்தைச் சுத்தமாகப் பதிவு செய்வது பெரும்பாடு. பின்னணிக் குரல் என்றால் போர்வைகளைச் சுற்றிலும் தொங்கவிட்ட மூலையில் நிதானமாகப் பேசி எடுக்கலாம், ப்ரொஜெக்டர் இரைச்சலும் பாதிக்காது. தொழில்நுட்பமாகக் குரல்தான் ஜெயிக்கிறது. எழுத்தில்தான் அது காலை வாரிவிடும். ‘இந்த நகரம் ஒருபோதும் உறங்குவதில்லை’ என்று ஆரம்பித்தாலே டப்பிங் படம் ஓடுகிற மாதிரி ஆகிவிடும். அதோடு ஒரு தொப்பி, நீளக் கோட்டு. சென்னை வெயிலில் யார் போடுவார்கள்?

துப்பறிவாளரை விட்டுவிட்டு, ஃபைனான்ஸ் கம்பெனிக்கு வண்டி பிடுங்கப் போகிற ஒரு வசூல்காரரை வையுங்கள். ‘மூணு தவணை பாக்கி. வீட்ல ஆள் இல்லைன்னாங்க. செருப்பு வாசல்லதான் கிடந்துச்சு.’ இவ்வளவுதான் குரல். படத்தில் தெரிவதையே குரலும் சொன்னால் அந்த வரியை வெட்டிவிடுங்கள். வசனம் கட்டாயம் வேண்டுமென்றால் ஒரே காட்சி, இரண்டே ஆட்கள், விளக்கு பேனலோ ஹாலஜனோ.

எல்லாம் முடிந்தபின் ஒரு சங்கதி. லேப்டாப்பில் கும்மிருட்டாகத் தெரிந்த கறுப்பு, செமினார் ஹால் திரையில் வெளிறிப்போகும். நிழற்பக்கத்தில் நீங்கள் ஒளித்துவைத்த கண்ணசைவும் அதோடு காணாமல் போகும். இணையத்தில் ஏற்றினாலோ, இருட்டுப் பகுதிகள் கட்டம் கட்டமாக உடையும். மெலிதாகக் கிரெய்ன் (பழைய ஃபிலிமில் தெரிவது போன்ற பொடிப்புள்ளிகள்) சேர்த்தால் அது ஓரளவு மறையும். ஆகவே இரண்டு பிரதி எடுங்கள். ஹால் பிரதியைத் திரையிடலுக்கு முந்தின நாளே அதே ப்ரொஜெக்டரில் ஓட்டிப் பார்த்து, முகங்களின் நிழற்பக்கத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். அப்படியே ஹாலின் பின்வரிசை ட்யூப்லைட்டுக்கு சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றும் பார்த்து வையுங்கள்.