அக்ரகாரத் தெரு கட்ட மாடுலரா, முழு வீடா?

திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லிடைக்குறிச்சி சாயலில் ஓர் அக்ரகாரத் தெருவை அன்ரியல் என்ற கேம் எஞ்சினில் கட்டி முடித்திருக்கிறேன். இதற்கு இரண்டு வழி உண்டு. ஒவ்வொரு வீட்டையும் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் தனித்தனியாக, முழுசாகச் செய்வது ஒன்று. சுவர், தூண், திண்ணை, கூரை எனத் துண்டுகளாகச் செய்து எஞ்சினுக்குள் கொண்டுபோய் அடுக்குவது இன்னொன்று, அதுதான் மாடுலர். நான் துண்டுகள் பக்கம்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

வேலை மிச்சம், மெமரி மிச்சம், ஒரே மெஷ் (3டி வடிவம்) திரும்பத் திரும்ப வந்தால் இன்ஸ்டன்சிங்கில், அதாவது எல்லாவற்றையும் சேர்த்து வரைவதில், டிரா கால் (வரையச் சொல்லி கிராஃபிக்ஸ் சிப்புக்குப் போகும் கட்டளை) குறையும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்கு முடிவைத் தீர்த்துவைத்தது, பின்னால் வரும் திருத்தம்.

திண்ணையையே எடுத்துக்கொள்வோம். ஊரில் பார்த்த அளவுக்கு 75 செ.மீ. உயரம் வைத்திருந்தேன். அன்ரியலில் கதாபாத்திரம் குதிக்காமல் ஏறும் உயரம், நாம் கை வைக்காதவரை 45 செ.மீ.தான். விளையாடிப் பார்த்த நண்பர், "ஏல, திண்ணையில ஏற எதுக்குல குதிக்கணும்?" என்று கேட்டுவிட்டார். நியாயம்தான். திண்ணைத் துண்டு ஒன்றைத் திறந்து 45க்கு இறக்கினேன். அதன்மேல் நிற்கும் மரத்தூண் திண்ணையை விட்டு 30 செ.மீ. மேலே அந்தரத்தில் நிற்குமே, தூண் துண்டின் அடியில் அந்த அளவுக்கு ஒரு கல் பீடம் சேர்த்தேன். இரண்டையும் மறுபடி இம்போர்ட் செய்ததும் தெரு முழுக்க மாறிவிட்டது. முழு வீடுகளாகச் செய்திருந்தால், ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, திண்ணையை இறக்கி, தூணை இழுத்து, யூவி (மேற்பரப்புப் படம் ஒட்டும் விரிப்பு) பார்த்து, லைட்மேப்பையும் (வெளிச்சம், நிழல் பதிந்த படம்) திரும்பப் பார்க்க வேண்டும். அந்தச் சோம்பலிலேயே திருத்தத்தைத் தள்ளிப்போடுவோம். கடைசியில் செய்யவே மாட்டோம்.

அக்ரகாரம் இந்த முறைக்கு வாகான இடம். வீடுகள் பொதுச்சுவரோடு ஒட்டி நிற்கும், திண்ணையும் சாய்கூரையும் வரிசையாக ஓடும். எங்கே வெட்டுவது என்று யோசிக்கவே வேண்டாம். 3 மீட்டர் கிரிட் (கட்டம்), பிவட் (துண்டைப் பிடித்து வைக்கும் புள்ளி) எப்போதும் தரையோரக் கீழ்மூலையில். இதில் மட்டும் கறாராக இருந்துவிட்டால் தார்சா, பட்டாசல் போன்ற கூடங்கள் எல்லாம் தானாக வந்து உட்காரும். படுத்துவது கூரைதான். நாட்டு ஓடுகளை நேர்கோட்டில் வெட்டினால் இணைப்பு பளிச்சென்று தெரியும். துண்டின் ஓரத்தில் பாதி ஓடு வெளியே நீட்டும்படி வைத்து, அது பக்கத்துத் துண்டின்மேல் ஏறிக்கொள்ளும்படி விட்டால் சரியாகிவிடும்.

அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் என்பது உண்மையான குறை. ஒரே மழைக்கறை எல்லா வீட்டுச் சுவரிலும் இருந்தால் யாருக்கும் கண்ணை உறுத்தும். அதனால் கறை, காரை பெயர்ந்த இடம் எதையும் டெக்ஸ்சரில் (சுவரின் மேற்பரப்புப் படத்தில்) வைக்காமல், மேலே தனியாக ஒட்டும் ஸ்டிக்கர் போன்ற டீக்கலாக ஒட்டினேன். காவிப் பட்டையை வீட்டுக்கு வீடு மாற்றிவிட்டேன்.

கோயில் என்றால் பேச்சு வேறு. நெல்லையப்பர் கோயில் இசைத்தூணில் சிறு தூண்கள் ஒரே கல்லில் கொத்தாக நிற்கின்றன. கிருஷ்ணாபுரம் கோயிலின் சிற்பத் தூண்களில் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. அதையெல்லாம் கிரிட்டுக்குள் அடக்கப் பார்ப்பது வீண். தனித்தனியாகத்தான் செதுக்க வேண்டும். சுற்றியுள்ள பிரகாரத்துக்கு வேண்டுமானால் துண்டுகள் போதும்.

மொபைலில் ஓட்டிப் பார்த்த அனுபவம் எனக்குக் கொஞ்சம்தான். சின்னச் சின்னத் துண்டுகளாகக் குவிந்தால் பழைய போன் திணறலாம். கடைசியில் துண்டுகளை வீட்டுக்கு ஒரே மெஷ்ஷாக மெர்ஜ் செய்வது (இணைப்பது) நல்லது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போனுக்கென்றே செய்கிறவர்கள் அந்த அனுபவம் உள்ளவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், செய்த துண்டுகள் வீணாவதில்லை. இதே சுவரையும் கூரையையும் வைத்து இப்போது அம்பாசமுத்திரம் பக்கத்துக் கடைத்தெரு ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். புதிதாகச் செய்தது ஷட்டர் மட்டும்தான், அதுவும் அதே 3 மீட்டரில்.