ஏழு ஸ்பீக்கரும் பாடுகிறதே என்று மீதிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

ஹோம் தியேட்டரை வாங்கி, மாட்டும் வேலையையும் அதே கடையிடமே விடுகிறவர்களுக்காக இந்தப் பதிவு. ஓர் அடுக்குமாடி வீட்டில் நடந்தது. பில்லில் இருந்தது: 7.1 சிஸ்டம் (ஏழு ஸ்பீக்கர், கூடவே பேஸுக்கு ஒரு சப்வூஃபர்), 1.5 சதுர மி.மீ. காப்பர் வயர், முழு செட்டிங் (அறைக்கேற்ப ஒலியை அளந்து சரிசெய்வது). வீட்டுக்கு வந்த ரிசீவரோ (ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டி) 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கானது. வயர் காப்பரே இல்லை. செட்டிங் தொடங்கவே இல்லை. ஆனால் ஏழு ஸ்பீக்கரிலும் சத்தம் வந்தது. வேலை முடிந்தது என்று நம்பி மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டார்கள்.

சத்தம் வந்த வழி இதுதான். டிவியில் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் பிசிஎம் என்று இருந்தது. அதனால் ரிசீவருக்குப் போனது வெறும் இரண்டு சேனல் ஒலி, இடது வலது மட்டும். ரிசீவரை ஆல் சேனல் ஸ்டீரியோவில் வைத்துவிட்டால் அதே இரண்டு சேனலை எல்லா ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுத்துவிடும். பாட்டுப் போட்டால் அறை முழுக்க நிரம்பும், கேட்பவருக்கும் பிரமாதமாகத்தான் இருக்கும். படம் போட்டால்தான் வசனம் பின்சுவரிலிருந்தும் வரும். டெமோவுக்குப் பாட்டை மட்டுமே போட்டுக் காட்டினால் உஷாராகுங்கள்.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். ரிசீவர் ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்துங்கள். 5.1 ஒலியுள்ள படம் ஓடும்போதும் உள்ளே வரும் சிக்னல் பிசிஎம் 2.0 என்றே காட்டினால், டிவி மெனுவில் பிட்ஸ்ட்ரீம் அல்லது பாஸ் த்ரூ (ஒலியை மாற்றாமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது) என்று மாற்றுங்கள். (யூடியூபை வைத்துச் சோதிக்க வேண்டாம், அங்கே பெரும்பாலானவை ஸ்டீரியோதான்.) அடுத்து ரிசீவரின் டெஸ்ட் டோனை ஓடவிடுங்கள். இரைச்சல் ஒவ்வொரு ஸ்பீக்கராக, ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டும் வர வேண்டும். அந்த வீட்டில் லெஃப்ட் சர்ரவுண்ட் (இடது பக்கவாட்டு ஸ்பீக்கர்) முறை வந்தபோது இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து இரைந்தன. குட்டு உடைந்தது அங்கேதான்.

ஐந்து சேனல் ரிசீவரில் ஏழு ஸ்பீக்கரை ஓட்டுவதற்காக, ஒவ்வொரு சர்ரவுண்ட் டெர்மினலிலும் இரண்டு வயரைச் சேர்த்து முறுக்கிச் செருகியிருந்தார்கள். பேரலலில் இரண்டு 6 ஓம் ஸ்பீக்கர் சேர்ந்தால் 3 ஓம். ரிசீவர் தாங்குவது 6 முதல் 16 ஓம் வரை என்று அதன் முதுகில் அச்சடித்திருக்கிறது. வால்யூமைக் கூட்டினால் கரண்ட் அளவுக்கு மீறி இழுக்கும், சூடேறும், புரொடெக்ஷன் என்று காட்டி அணைந்துவிடும். போன் போட்டால் "வோல்டேஜ் பிரச்சினை சார், ஸ்டெபிலைசர் வாங்குங்க" என்று இன்னொரு பில். இப்படியே ஓட்டினால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போகும். அது தவறான இணைப்பால் போனது என்று தெரிந்தால் வாரண்டியும் கிடைக்காது. ரிசீவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, வயரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 6 ஓம் ஸ்பீக்கர் தனியாக இருந்தால் 5க்குப் பக்கத்தில் காட்டும். அதில் பாதிதான் காட்டுகிறது என்றால் இரண்டைச் சேர்த்திருக்கிறார்கள்.

வயர் விஷயம். வந்திருந்தது அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம் பூசிய சிசிஏ. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் சிசிஏ, கடைசிவரை சிவப்பாக இருந்தால் செம்பு. அதே கனத்தில் சிசிஏவின் மின்தடை செம்பைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். 12 மீட்டர் ஓட்டத்தில் போக வர 24 மீட்டர், செம்பானால் சுமார் 0.28 ஓம், இதுவோ 0.45 ஓம். காதுக்கு இது பெரிய வித்தியாசம் இல்லை, உள்ளதைச் சொல்ல வேண்டும். ஆனால் டெர்மினலில் திருகி இறுக்கும்போது அலுமினிய இழைகள் சீக்கிரம் ஒடியும். உதிர்ந்த ஒரு இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டால் ஷார்ட். செம்பின் விலை வாங்கிக்கொண்டு இதைக் கொடுப்பது திருட்டுதான்.

முன் ஸ்பீக்கர் ஒன்றில் பிளஸ் மைனஸ் மாறியிருந்தது. பேஸ் மெலிந்துபோய், பாடகர் குரல் நடுவில் நிற்காமல் சிதறும். இதற்கு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி போதும். ரிசீவர் பக்கம் கழற்றிய வயரில் சிவப்புக்குப் பிளஸ், கறுப்புக்கு மைனஸ் வைத்து ஒரு நொடி தொட்டு எடுங்கள். வூஃபர் கோன் வெளியே வர வேண்டும். உள்ளே போனால் வயர் மாறியிருக்கிறது. சப்வூஃபரில் உள்ளேயே ஆம்ப் இருக்கும், அதில் இந்தச் சோதனை கூடாது.

செட்டிங் செய்தார்களா என்பதற்கு டிஸ்டன்ஸ் மெனுவே சாட்சி. எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே தூரம் இருந்தால் அளவெடுக்கும் மைக்கை யாரும் தொடவில்லை. இங்கே அந்த மைக் கவர் பிரிக்காமல் பெட்டியிலேயே கிடந்தது. நீங்களே செய்யலாம்: உட்காரும் இடத்தில் காது உயரத்துக்கு ஸ்டாண்டில் மைக்கை வையுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், ஆட்டோ செட்டப்பை ஓடவிடுங்கள். முடிந்ததும் சிறிய ஸ்பீக்கர்களை லார்ஜ் என்று போட்டிருந்தால் ஸ்மால் ஆக்கி, கிராஸ் ஓவரை (எதற்குக் கீழுள்ள பேஸ் சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். சப்வூஃபரின் சொந்தக் கிராஸ் ஓவர் திருகை முழுக்கத் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு இடத்தில் வெட்டுப்படும். 5.1க்கு சர்ரவுண்ட் இருக்க வேண்டியது உட்காருபவரின் பக்கவாட்டில் சற்றுப் பின்னால், 110 டிகிரி வாக்கில். மூலையில் கூரையோடு ஒட்டி மாட்ட வந்தால் விடாதீர்கள்.

ஆபத்தானது ஒன்று: 230 வோல்ட் லைன் ஓடும் பைப்பிலேயே ஸ்பீக்கர் வயரையும் நுழைத்திருந்தார்கள். இன்சுலேஷன் கிழிந்தால் ஸ்பீக்கர் டெர்மினலில் மெயின் கரண்ட். இதை மட்டும் நீங்கள் தொட வேண்டாம், எலக்ட்ரீஷியனை வைத்துத் தனிப் பைப்புக்கு மாற்றுங்கள்.

எதையும் பிரிக்கும் முன் படம் எடுங்கள்: ஒரு டெர்மினலில் இரண்டு வயர் இருப்பது, ரிசீவரின் மாடலும் சீரியல் நம்பரும், பக்கத்தில் பில். சுரண்டிய வயரில் ஒரு சாண் வெட்டி வையுங்கள். கடைக்குப் புகாரை எழுத்தில் கொடுங்கள், வாட்ஸ்அப்பானாலும் சரி. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் உண்டு.