அட்டையில் முகமா, ஓவியமா?
பதின்ம வயதினருக்கான இசை இதழ் என்றால் என் ஓட்டு பாடகரின் முகத்துக்குத்தான். கண்கள் நேராக நம்மைப் பார்க்கிற நெருக்கமான படம். தலைமுடி இதழின் பெயரில் ஓரெழுத்தை மறைத்தாலும் பரவாயில்லை, பெயர் ஏற்கெனவே பழகியதாக இருந்தால். கைபேசித் திரையில் நக அளவுக்குச் சுருங்கினாலும் ஆள் யாரென்று தெரியும். படம் மட்டும் அச்சு அளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருக்க வேண்டும், இல்லையென்றால் கலங்கிவிடும்.

வெக்டராக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காத கணினி வடிவங்களாக, வரைந்த ஓவியத்துக்கு அந்தக் கவலை இல்லை. அதன் தொல்லை நிறம்: திரையில் பளீரென்று தெரியும் நியான் பச்சை, வழக்கமான நான்கு வண்ண அச்சில் சோர்ந்துபோகும். தனி மை சேர்க்கலாம், செலவு கூடும். ஆனாலும் யாருக்கும் முகம் தெரியாத புதுக் குழுவை அட்டையில் போடுவதென்றால், சரி, ஓவியமே.