பாசி மிதவை போட்டுத் தர்றேன்னு யாராச்சும் வந்தா, இதப் படிச்சிட்டு காசு குடுங்க

தொண்டில இருந்து மண்டபம் வரைக்கும் கரையோரத்துல இருக்குறவங்க, அப்புறம் சவுதி குவைத்துன்னு போயி வீட்டுக்கு காசு அனுப்புற நம்ம ஆளுங்க, கொஞ்சம் பெருசுதான், ஆனா முழுசா படிங்க. கடல்ல மூங்கில் சட்டத்த மிதக்கவிட்டு அதுல பாசி வளப்பாகல்ல, அந்தக் கடல்பாசி மிதவைல பணம் போடுங்க மாசாமாசம் லாபம்னு ஒரு ஸ்கீம் நம்ம பக்கம் ரெண்டு மூணு வருசமா ஓடுச்சு. எங்க குடும்பத்துல மட்டும் 4 லட்சம் மாட்டிக்கிட்டு நிக்குது. எங்க வீட்டுக்காரர் சவுதி தம்மாம்ல இருந்து அனுப்புனது 3, மாமியார் வளையல வச்சு எடுத்தது 1. ஆள் பேரு போடல, வக்கீல் வேணாம்னுட்டாக. ஊர்ல எல்லாரும் முதலாளின்னுதான் கூப்பிடுவோம், நானும் அப்படியே எழுதுறேன்.

மொதல்ல இந்த ஆள் யாருன்னு சொல்லணும், ஏன்னா எங்க காசு போனது ஸ்கீமுக்காக இல்ல, இந்த ஆளோட கதைக்காக. அந்தக் கதை பொய்யும் இல்ல, அதுதான் கொடும. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி போனப்ப உடுத்துன துணியோட கரையேறி வந்த குடும்பம்னு சொல்லுவாரு, அவுக அப்பா அடுத்தவன் வத்தைல, அதான் சின்னப் படகுல, கூலிக்குப் போனவரு, அம்மா கூடைல கருவாடு வச்சு பஸ்ஸுல ராமநாதபுரம், பரமக்குடின்னு ஏறி இறங்கி வித்தவுக, கருவாட்டு நாத்தம்னு கண்டக்டர் இறக்கிவிட்டு பாதி வழில நடந்தே வந்த நாளெல்லாம் உண்டுன்னு எங்க மாமியாரே பாத்திருக்காக. இவரு எட்டாவதோட நின்னுட்டு கரைல ஐஸ் பெட்டி தூக்குனாரு. அப்புறம் ஒரு நண்டு கம்பெனிக்கு ஏஜென்ட்டுக்கு கையாளா போயி, கொஞ்ச வருசத்துல அந்த ஏஜென்ட்டையே ஓரங்கட்டிட்டு தானே ஏஜென்ட் ஆனாரு.

ஏஜென்ட்னா என்னன்னு கரைல இருக்குறவங்களுக்கு தெரியும், மத்தவங்களுக்கு சொல்றேன். படகுக்காரருக்கு வலை வாங்க, இஞ்சின் ரிப்பேருக்கு அட்வான்ஸ் குடுப்பாக, வட்டி கிடையாது, ஆனா பிடிச்ச சரக்க அவுககிட்டத்தான் போடணும், விலையும் அவுக சொல்றதுதான். வெளில கிலோவுக்கு அம்பது ரூவா கூட போனாலும் நீங்க வேற ஆளுக்கு குடுக்க முடியாது, அட்வான்ஸ் தீராது, தீர விடவும் மாட்டாக. இப்படி நூறு படகு கையில வச்சிருந்தா வீடு, கார், கல்யாண மண்டபம் எல்லாம் வரும், வந்துச்சு. இது தப்புன்னு பாதிப் பேரும், பேங்க் குடுக்காத காசை குடுத்தாருல்லன்னு பாதிப் பேரும் அப்பவே பேசிக்கிட்டுத்தான் இருந்தாக. நான் நடுவுல சொல்றேன், ரெண்டும் உண்மைதான். இலங்கை நேவி படகப் பிடிச்சிட்டுப் போனா மறுநாள் காலைல அந்த வீட்டு வாசல்ல 25 கிலோ அரிசி மூட்டையோட நிக்கிற ஒரே ஆளு அவருதான். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலத்துல அரசாங்க நிவாரணம் வர்றதுக்கு முன்னாடி செலவுக்கு காசு குடுத்ததும் அவருதான். அதனால இந்த மனுசன் பாசி பிசினஸ்னு வந்து நின்னப்ப ரசீது கேக்குறதே மரியாதக் குறைச்சல்ங்கிற மாதிரி ஆகிப்போச்சு.

பாசி விஷயம் நம்ம பக்கம் புதுசில்ல. பாம்பன், சின்னப்பாலம் பொம்பளைங்க எத்தன தலைமுறையா கடல்ல முங்கி மரிக்கொழுந்துங்கிற பாசிய பறிக்கிறாக. வளக்குற பாசி வேற, கப்பாபைகஸ்னு பேரு, மண்டபத்துல இருக்குற மத்திய ஆராய்ச்சி நிலையம் மூலமா வந்தது, 2000க்கு அப்புறம் ஒரு பெரிய குளிர்பான கம்பெனியே மண்டபத்துல இறங்கி மகளிர் குழுக்கள வச்சு பண்ணுச்சு. உழைச்சு செஞ்சா சாப்பாட்டுக்கு வழி பண்ற தொழில்தான், அதுல சந்தேகமே இல்ல. 2020ல மத்திய அரசோட மத்ஸ்ய சம்பதாங்கிற மீன்வளத் திட்டத்துல மிதவைக்கு மானியம்னாக, 2023ல நம்ம ராமநாதபுரம் மாவட்டத்து வளமாவூர்ல 127 கோடி சொச்சத்துல பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டுனாக. முதலாளி ரெண்டையும் அழகா பிடிச்சிக்கிட்டாரு. வேன் வச்சு ஆளுங்கள வளமாவூர் பக்கம் கூட்டிட்டுப் போயி பொட்டல் நிலத்தக் காட்டி "கவர்மெண்ட்டு பார்க்கு இங்கன வருது, நம்ம யூனிட்டும் பக்கத்துலதான்"ன்னு சொல்லுவாரு. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு அவரு வாயால ஒருநாளும் சொன்னதில்ல, கேட்ட நம்மளா முடிச்சுப் போட்டுக்கணும்.

ஸ்கீம் இதுதான். ஒரு மிதவைக்கு 10,000. மாசம் 1,000 லாபம், ரெண்டு வருசம், முடிஞ்சதும் முதல் 10,000 திரும்ப. எங்களுக்கு 40 மிதவை, மாசம் 40,000.

இப்ப கணக்கப் பாருங்க. பாசி கட்டப் போற எந்தப் பொம்பளையக் கேட்டாலும் சொல்லுவா. மிதவை 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம், அதுல 20 கயிறு, கயிறுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி, ஆக 60 கிலோ. நல்லா வந்தா 45 நாள்ல 250, 260 கிலோ. அதுல அடுத்த தடவைக்கு விதை 60 எடுத்துரணும், மிச்சம் 200. பச்சப் பாசி பத்து கிலோ காஞ்சா ஒரு கிலோ, அப்ப 20 கிலோ. நாங்க பணம் கட்டுனப்ப காஞ்ச பாசி கிலோ 70 ரூவா போச்சு. 1,400 ரூவா, அதுவும் ஒன்றரை மாசத்துக்கு. மாசக் கணக்குல 930 சொச்சம். மொத்தமா வித்தாலே 930தான் வருது, இதுல விதை கட்டுற கூலி, மூங்கில், கயிறு, நங்கூரக் கல்லு, படகு, எல்லாம் போகணும், இவரு எங்கிட்டு இருந்து 1,000 லாபம் குடுப்பாரு? அடுத்து வந்தவன் கட்டுன காசத்தான் எனக்கு குடுத்திருக்காரு. இன்னொண்ணு, அந்த மத்ஸ்ய சம்பதா திட்டத்துலயே ஒரு மிதவைக்கு ஆகுற செலவுன்னு போட்டிருக்கிறது 1,500 ரூவா. எங்ககிட்ட வாங்குனது 10,000.

இதுல கடலும் வருசம் பூரா ஒரே மாதிரி இருக்காது. ஐப்பசி கார்த்திகைல வாடைக்காத்து அடிச்சா பாக் நீரிணைப் பக்கம் மிதவை நிக்காது, மழைல காயப்போடவும் முடியாது. சித்திர வைகாசில தண்ணி சூடேறி பாசி வெளுத்து ஒடிஞ்சு விழும். 2013ல அப்படித்தான் பெரிய அளவுல செத்துப்போயி எத்தனயோ குழுக்கள் தொழில விட்டுச்சு. பயிர் நின்ன மாசத்துலயும் அஞ்சாந்தேதி ஆனா கவர்ல 40,000 வருதுன்னா அது பாசில இருந்து வந்த காசு இல்ல.

மிதவையக் காட்டுறோம்னு ஞாயித்துக்கிழம வேன் போடுவாக. நாங்களும் போனோம், கரையோரம் நூத்துக்கணக்குல மிதவை, பத்துப் பத்தா சேத்து கட்டி அலைல ஆடிக்கிட்டு கிடந்துச்சு, பாக்கவே நிறைவா இருந்துச்சு. மிதவை மூலைல ஒரு தகரத் தகடு கம்பி போட்டு கட்டியிருக்கும், அதுல பெயிண்ட்ல நம்பர். எங்க நம்பர் தகட்டோட என் மாமியார் போட்டோ எடுத்துக்கிட்டாக. கொஞ்ச நாள் கழிச்சு எங்க நாத்தனார் வீட்டுல 10 மிதவை போட்டுட்டு போட்டோ அனுப்புனாக. அந்தப் போட்டோவுல மூங்கில் ஒரு முனை பிளந்து நீல நைலான் கயிறு சுத்தியிருந்துச்சு. எங்க போட்டோவ எடுத்து பெருசு பண்ணிப் பாத்தா அதே பிளவு, அதே நீலக் கயிறு, நம்பர் மட்டும் வேற. அங்க விதை கட்டப் போற ஒரு புள்ள எங்களுக்கு தூரத்து உறவு, அவகிட்ட கேட்டேன். சிரிச்சிட்டா. "என்னத்தக்கா சொல்ல, ஞாயித்துக்கிழம வேன் வர்றதுக்குள்ள தகடு மாத்துறதுதான எங்களுக்கு மொத வேல, அதுக்கு தனியா 100 ரூவா தருவாக"ன்னா.

அதுக்கப்புறம் முதலாளிகிட்ட போயி கேட்டா, ஆபீஸ்ல உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்து, "ஏத்தா, நான் ஐஸ் பெட்டி தூக்குனவன், ஏழை காச எடுப்பனா"ன்னு அவுக அம்மா போட்டோவக் காட்டி கண்ணு கலங்குறாரு. மாலை போட்ட போட்டோவுக்கு முன்னாடி நீங்க என்னத்த கணக்கு கேப்பீங்க. எங்க மாமியார் அவருக்கு ஆறுதல் சொல்லிட்டு வந்தாக, அது ஒரு கூத்து.

பணம் நின்ன விதத்தையும் சொல்லிர்றேன். மொதல்ல காத்துன்னாரு, அப்புறம் நோய்னாரு, ரெண்டும் கடல்ல நெசமா வர்றதுதான், அதனால யாரும் எதுத்துப் பேச முடியல. பிறகு செக் குடுத்தாரு. அந்த செக் விவகாரம் முக்கியம், நல்லா கவனிங்க. செக் திரும்பி வந்துச்சுன்னா, ஏன் திரும்புச்சுன்னு பேங்க் குடுக்குற மெமோ கைக்கு வந்து 30 நாளுக்குள்ள வக்கீல் நோட்டீஸ் போகணும், நோட்டீஸ் கிடைச்சு 15 நாள்ல அவரு தரலன்னா அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்டுல கேஸ் போடணும். இவரு என்ன பண்ணுவாருன்னா, செக் திரும்புன மறுநாளே வீட்டுக்கு ஆள் வரும், ஸ்வீட் பாக்ஸோட, "முதலாளி கேஸ் கீஸ் வேணாம்னாரு, அடுத்த மாசம் பத்தாந்தேதி கையில குடுக்குறாரு"ன்னு. பத்தாந்தேதி வர்றதுக்குள்ள 30 நாள் ஓடியிருக்கும். எங்க தெருவுல மட்டும் அஞ்சாறு குடும்பம் இப்படி கெடு தவறி நிக்குது. நாங்க தம்மாம்ல இருந்து எங்க வீட்டுக்காரர் கத்துன கத்துல கெடுவுக்குள்ள நோட்டீஸ் அனுப்பிட்டோம்.

இப்ப கடைசியா பிளாட் கதை ஓடுது. உச்சிப்புளிப் பக்கம் இடம் இருக்கு, உங்க பணத்துக்குப் பதிலா ரெண்டு சென்ட் எழுதித் தர்றேன், பணம் கட்டுனப்ப கையெழுத்துப் போட்டுத் தந்த பழைய ஒப்பந்தப் பத்திரத்த மட்டும் குடுத்துருங்கன்னு கேக்குறாக. என் கொழுந்தனார் போயி பாத்துட்டு வந்தாரு, கருவேலங்காடு, பாதை கிடையாது, உப்புப் பூத்த மண்ணு, பட்டா யாரு பேருல இருக்குன்னு கேட்டா "ஆயிட்டிருக்கு"ங்கிறாக. பத்திரத்தக் குடுத்துட்டா அப்புறம் நம்ம கையில அவரு கையெழுத்துப் போட்ட காயிதம் ஒண்ணும் இருக்காது, அதுக்குத்தான் இந்த பிளாட்டே. தயவுசெஞ்சு யாரும் குடுக்காதீங்க, என்ன அழுதாலும் ஜெராக்ஸ் மட்டும் காட்டுங்க.

அந்தப் பத்திரத்துல டெபாசிட்னு எங்கயும் இருக்காது, "பாசி வளர்ப்புப் பங்களிப்பு"ன்னு போட்டு, இயற்கைச் சீற்றத்துல நட்டம் வந்தா இருவரும் ஏத்துக்கணும்னு பின்பக்கம் பொடி எழுத்துல ஒரு வரி. இத வச்சு "கேஸ் நிக்காது"ன்னு அவரு ஆளுங்க பரப்பிட்டு இருக்காக. எங்க வக்கீல் சொன்னது, பேரு என்ன வச்சாலும் பொதுமக்கள்கிட்ட பணம் வாங்கி இவ்வளவு திருப்பித் தர்றேன்னு சொல்லிட்டு தரலன்னா, 1997ல வந்த தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, 2019ல மத்திய அரசு கொண்டு வந்த முறைப்படுத்தாத டெபாசிட் தடைச் சட்டமும் இருக்கு, பொருளாதாரக் குற்றப் பிரிவுல புகார் குடுக்கலாம், சொத்த முடக்கவும் வழி இருக்குன்னாரு. ஆனா நாள் ஆகும், அதையும் சொல்லிட்டாரு. ஈமு கோழில 2012ல ஏமாந்த ஜனங்க எத்தன வருசம் அலைஞ்சாகன்னு பாத்தோம்ல.

இத எழுதுனா ஊர்ல என்ன பேச்சு வரும்னு தெரியும். "நம்ம கரைல ஒருத்தன் மேல வந்தா உங்களுக்குப் பொறுக்காது"ன்னு ஏற்கெனவே ரெண்டு பேரு வாசல்ல வந்து கத்திட்டுப் போயாச்சு. அவரு கஷ்டப்பட்டு வந்தாரு, யாரு இல்லன்னா? அவுக அம்மா கூடை சுமந்த அதே பஸ்ஸுலதான் எங்க மாமியாரும் போனாக, அந்த வளையலும் அப்படி வந்ததுதான்.

புதுசா திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் பக்கம் "இறால் பண்ணைப் பங்கு"ன்னு இதே ஆபீஸ் ஆளுங்க வேற நோட்டீஸ் அடிச்சு குடுக்குறதா கேள்வி. நோட்டீஸ் கையில இருக்குறவங்க போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. வர்ற திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல சேந்து மனு குடுக்குறோம், அங்கிருந்து குற்றப் பிரிவுக்குப் போறோம். பத்திரம், திரும்புன செக், பேங்க் மெமோ, தகடு நம்பரோட எடுத்த போட்டோ, கவர்ல பணம் வந்த தேதி எழுதி வச்ச டைரி, எது இருந்தாலும் ரெண்டு ஜெராக்ஸ் போட்டு எடுத்துட்டு வாங்க. காலைல பத்து மணிக்கு முன்னாடி வந்துருங்க, டோக்கன் வாங்கணும்.