ஐம்பது மில்லிமீட்டர் துளை: மழைநீர் அனுமதிப் பிரிவில் எனக்குக் கிடைத்த சேவை

என் மனு இரண்டு முறை திரும்பி வந்தது. இரண்டு முறையும் தவறு என் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் சொல்லப்போகும் குறைகளை வயிற்றெரிச்சல் என்று நினைத்துவிடுவீர்கள்.

மனை இன்னொருவருடையது; கணக்கும் மனுவும் என் பொறுப்பு. பரப்பு 2,000 சதுர மீட்டர். புல்லும் புதருமாகக் கிடந்த இடம். கூரை, வண்டி நிறுத்துமிடம், நடைபாதை என்று அதில் 1,200 சதுர மீட்டரை மூடப்போகிறோம். இப்படி நிலத்தை மூடுகிறவர்கள், வழிந்தோடும் மழைநீருக்கென்று உள்ளாட்சி அலுவலகத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும். விதியின் சாரம் இவ்வளவுதான்: கட்டுவதற்கு முன் நொடிக்கு எத்தனை லிட்டர் வெளியே போயிற்றோ, கட்டிய பிறகும் அதற்கு மேல் போகக் கூடாது.

எமில் குய்ச்லிங் 1889-இல் எழுதிய முறையைத்தான் சிறிய மனைகளுக்கு இன்றும் பயன்படுத்துகிறோம். பரப்பு, மழையின் தீவிரம், வழிந்தோடும் பங்கு ஆகிய மூன்றையும் பெருக்கினால் போதும். புல் தரையில் விழுவதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடும், கான்கிரீட்டில் பத்தில் ஒன்பது பங்கு ஓடும் என்று வைத்துக்கொண்டேன். மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், வெறும் நிலத்திலிருந்து நொடிக்கு ஐந்தரை லிட்டர்; கட்டிய பிறகு 17 லிட்டர். ஒரு மணி நேரத்துக்கு மிஞ்சுவதைப் பிடித்து வைக்க ஏறக்குறைய 42,000 லிட்டர் தொட்டி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வந்தேன்.

மூன்று வாரம் கழித்துத் தாள் திரும்பியது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "தரை மாறினால் நேரமும் மாறும்." புல்லில் தயங்கித் தயங்கி வரும் தண்ணீர், கான்கிரீட்டில் சில நிமிடங்களில் வாசலுக்கு வந்துவிடும். சில நிமிடமே நீடிக்கும் மழையின் தீவிரமோ, ஒரு மணி நேர மழையுடையதைவிட அதிகம். இரண்டு நிலைக்கும் நான் ஒரே தீவிரத்தைப் போட்டிருந்தேன். தொட்டி பெரிதாயிற்று.

அடுத்த மூன்று வாரத்தில் இன்னொரு சிவப்பு வரி. தொட்டியை ஒட்டிய கசிவுக் குழிக்கு, மண் எவ்வளவு உறிஞ்சும் என்பதைப் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருந்தேன். இடத்தில் குழி தோண்டி அளக்கச் சொன்னார்கள். தோண்டி, தண்ணீர் ஊற்றி, அளவுகோலை நட்டு வைத்தேன். முதல் நாள் மணிக்கு 9 சென்டிமீட்டர் இறங்கியது. ஆனால் முழுக்க ஊறவைத்து மறுநாள் அளப்பதுதான் முறை. மறுநாள் 2 சென்டிமீட்டர்தான். பெருமழை வரும்போது மண் பெரும்பாலும் ஏற்கெனவே நனைந்துதானே இருக்கும்! அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் இரண்டு குறையையும் முதல் தடவையே சொல்லியிருக்கலாமே? ஆறு வாரம் காத்திருந்தவன் கேட்கிறேன்.

இந்தப் பிரிவுக்கு நான் மதிப்பெண் போடுவதென்றால் அது கள ஆய்வுக்குத்தான். ஆய்வாளர் நல்ல வெயில் நாளில் வந்து படம் எடுத்துக்கொண்டு போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வந்தது அடை மழையில், முழங்கால் வரை ரப்பர் காலணி அணிந்துகொண்டு. மனையின் தாழ்ந்த ஓரத்தில் மண் அரிப்பைத் தடுக்கத் துணித் திரை கட்டியிருந்தோம். பார்வைக்கு நேர்த்தியாகத்தான் இருந்தது. அவர் குனிந்து அடி ஓரத்தை விரலால் தூக்கினார், தூக்க வந்துவிட்டது. துணியின் அடிப்பகுதியை ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டிப் புதைத்து மண்ணை இறுக்க வேண்டும். எங்கள் ஆட்கள் கம்பத்தில் கட்டியதோடு விட்டிருந்தார்கள். தண்ணீர் திரைக்கு அடியில் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. அதை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து என் மேசையில் வைத்துவிட்டு மற்ற இடங்களைப் பார்க்கப் போனார். அரை மணி நேரத்தில் புட்டியின் அடியில் விரல் பருமனுக்கு மண் படிந்திருந்தது. திரும்பி வந்தவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. புட்டியை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

இரண்டாவது வருகை தொட்டி முடிந்த பிறகு. வெளியேறும் துளை 50 மில்லிமீட்டர் என்று வரைபடத்தில் இருந்தது. ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்போது அந்தத் துளை நொடிக்குச் சுமார் ஐந்து லிட்டர் விடும். அவர் உள்ளே இறங்கி அளவுகோலை வைத்தார். 100 இருந்தது. "சின்னத் துளை அடைத்துக்கொள்ளும் மேடம், அதனால்தான் பெரிதாக்கினேன்" என்று ஆய்வாளரிடம் சொன்னார் மேஸ்திரி. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் விட்டம் இரண்டு மடங்கானால் தண்ணீர் நான்கு மடங்கு. நொடிக்கு 20 லிட்டருக்கு மேல் விடக்கூடிய துளைக்கு முன்னால், மணிக்கு 50 மில்லிமீட்டர் மழையில் 17 லிட்டர் வந்து சேரும் தொட்டி எதைப் பிடித்து வைக்கும்? இத்தனை கான்கிரீட்டும் வீண்தான். நடுவில் 50 மில்லிமீட்டர் ஓட்டை போட்ட எஃகுத் தகட்டை வைத்து அடைத்தோம். அடைப்பைத் தடுக்க முன்னால் ஒரு கம்பி வலை. வரைபடத்தைச் சரிபார்த்த எவராலும் மேசையில் உட்கார்ந்தபடி இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இனி குறைகள். ஒவ்வொரு மனையையும் தனித்தீவாகவே பார்க்கிறார்கள். என் தொட்டி தண்ணீரைத் தாமதப்படுத்துகிறது, பக்கத்து மனையின் தொட்டியும் தாமதப்படுத்துகிறது. ஓடையின் மேற்பகுதியிலிருந்து வெள்ளம் வந்து சேரும் நேரமும் நாங்கள் தாமதித்து விடும் நேரமும் ஒன்றாகிவிட்டால், கீழே இருப்பவர்களுக்குத் தொட்டியே இல்லாத காலம் தேவலாம் என்று தோன்றும். இது துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இதற்கு ஓடை முழுவதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மனுப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. மூன்று பிரதி கேட்பது, நான்கு மேசை ஏறி இறங்குவது பற்றியெல்லாம் எழுதினால் இடம் போதாது.

பெரிய குறை பராமரிப்பு. ஆண்டுக்கு இரண்டு முறை வண்டலை அள்ளுவதாக உரிமையாளரிடம் ஒரு பக்கத்தில் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டார்கள். மழையில் நனைந்து வந்து துளையை அளந்த அதே பிரிவு, அதற்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை. மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அந்த அரையும் ரப்பர் காலணிக்காக.

ஒன்றரை ஆண்டு கழித்து அந்தப் பக்கம் போனபோது மூடியைத் திறந்து பார்த்தேன். அடியில் ஒரு சாண் சேறு. கம்பி வலையில் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டு துளையை முக்கால்வாசி மறைத்திருந்தது. கையை விட்டு இழுத்து வெளியே போட்டேன். சேற்றைப் பற்றி உரிமையாளரிடம் தொலைபேசியில் சொன்னேன். "எந்தத் தொட்டி?" என்று கேட்டார்.